மீனின் வாயில் ஒரு கோள்

ஐப்பசித் திங்களில் மழைமேகம் சற்றே விலகிய ஓர் இரவில், இஷாத் தொழுகை முடித்து வந்து வீட்டு முற்றத்தில் நின்று உச்சிவானை நோக்குவோர், நான்கு விண்மீன்கள் பெரியதொரு சதுரமாக அமைந்திருப்பதைக் காணலாம். அச்சதுரத்தின் மேற்குப் புறத்து மீன்கள் இரண்டையும் நம் நாட்டார் பூரட்டாதி என்னும் நாள்மீனாகக் கொண்டனர். சந்திரன் தங்கிச் செல்லும் இருபத்தெட்டு மன்ஸில்களை வகுத்த அரபு நாட்டாரும் இதே இரண்டைத் தனித்தெடுத்து ‘அல்ஃபர்குல் முகத்தம்’ என்று பெயரிட்டனர். இவ்விரண்டையும் இணைக்கும் கோட்டைத் தெற்கு நோக்கி நீட்டிச் சென்றால், வெறுமையாகத் தோன்றும் வானப்பரப்பைக் கடந்து, துணையின்றித் தனியே ஒளிரும் ஒரு விண்மீனை அடையலாம். அதன் பெயர் ஃபமுல் ஹூத். மீனின் வாய் என்பது பொருள். மேனாட்டார் இச்சொல்லைச் சிதைத்து ‘ஃபோமல்ஹாட்’ என்று இன்றும் வழங்கி வருகின்றனர்.

இந்தக் கோட்டின் மீதும் அதன் அண்மையிலும் கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்தேறிய ஒரு வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றேன். நம் சூரியனை வியாழனும் சனியும் தொலைவில் நின்று சுற்றி வருகின்றன. அவைபோன்ற பெருங்கோள்கள் பிற விண்மீன்களுக்கும் உண்டா என்று தேடியவர்களின் வரலாறு அது. வெற்றிகள் மட்டும் நிறைந்த வரலாறன்று. கண்டதாகச் சொல்லிக் காணாமற் போனவையும், கண்டும் இல்லையென்று கைவிட்டவையும் அதில் உண்டு.

மத்ரஸாவில் ஓதிய காலத்தில் எங்கள் உஸ்தாத் ‘ஷரஹ் சக்மீனி’ என்னும் வானநூலைப் பாடஞ் சொல்லித் தந்தார். குவாரிஸ்ம் நாட்டு மஹ்மூத் அல்ஜக்மீனி எழுதிய மூலத்துக்குப் பதினைந்தாம் நூற்றாண்டில் சமர்க்கந்தில் காழீஸாதா அர்ரூமி வரைந்த உரை அது. சந்திரன் முதலாக ஏழு கோள்களின் வானங்களை வரிசைப்படி ஒப்பிப்போம். ஏழாவது வானம் ஜுஹல் எனப்படும் சனிக்குரியது. அதற்கப்பால் எட்டாவதாக நிலைமீன்களின் வானம். ‘அதற்கப்பாலும் கோள் உண்டா, ஹள்ரத்?’ என்று ஒரு மாணவன் கேட்டான். ‘கிதாபில் இல்லை’ என்றார் உஸ்தாத். அன்று அவ்விடை எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆயினும் கிதாபை மட்டும் நம்பியிராதவர்களும் அவ்வழியில் வந்தவர்களே. ஹிஜ்ரி 291-இல் ரை நகரில் பிறந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி அவர்களுள் முதன்மையானவர். புவைஹித் மன்னர் அளுதுத் தவ்லாவின் ஆதரவில் வாழ்ந்து, கி.பி. 964-ஆம் ஆண்டளவில் ‘ஸுவருல் கவாகிப்’ என்னும் நிலைமீன் நூலை இயற்றினார். விண்மீன்களின் இருப்பிடத்தைப் பொறுத்தவரை அவர் தாலமியின் பட்டியலை ஏற்று, இடைப்பட்ட காலத்திற்கு 12 பாகை 42 கலையைக் கூட்டிக்கொண்டார். ஆனால் ஒளியளவில் அவ்வாறு செய்யவில்லை. ஒவ்வொன்றையும் தம் கண்ணால் நோக்கி, தாலமி சொன்னது பொருந்தாத இடங்களில் தாம் கண்டதை எழுதினார். வானத்தைப் பாராமலே விண்மீன் உருண்டைகளைச் செய்து விற்றவர்களையும், அவற்றை நம்பி நூல் எழுதியவர்களையும் முன்னுரையில் கடிந்துரைக்கின்றார். ஃபமுல் ஹூத்தைப் பற்றி எழுதுமிடத்தில், பாலைவன அரபிகள் அதனை ‘முதல் தவளை’ என்று அழைத்த செய்தியையும் குறித்து வைத்தார். இரண்டாம் தவளையும் வானில் உண்டு. திஃப்தா என்று இன்று அறியப்படும் விண்மீனே அது.

இனித் தேடலுக்கு வருவோம். பிற விண்மீனின் கோளைக் காண்பதில் உள்ள இடர் என்ன? கோளுக்குச் சுயவொளி மிகக் குறைவு. அதன் தலைவனாகிய விண்மீனோ கண்ணைப் பறிக்கும் விளக்கு. ஆகவே கோளை நேரே காணாமல், அது விண்மீனை அசைக்கும் அசைவைக் காண முயன்றனர். வியாழன் பூமியைப்போல் 318 மடங்கு எடை கொண்டது. அது சூரியனைச் சுற்றும்போது சூரியனும் ஒரு சிறு வட்டமிட்டு அசைகிறது. அவ்வசைவின் வேகம் நொடிக்குப் பன்னிரண்டரை மீட்டர். ஓடுகின்ற மனிதனின் வேகத்தைவிடச் சற்று மிகுதி, அவ்வளவே. ஒரு சுற்று முடிய ஏறத்தாழப் 12 ஆண்டுகள் ஆகும். சனிக்கோ 29 ஆண்டுகளுக்கு மேல். எனவே தொலைவிலுள்ள கோளைத் தேடுபவன் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை ஒரே விண்மீனின்மேல் செலவிட வேண்டும். அவன் கையிலுள்ள கருவியும் அத்தனை ஆண்டுகள் மாறாதிருக்க வேண்டும். இந்தப் பின்னது எத்துணைக் கடினம் என்பதை வான் டி காம்ப்பின் கதை உணர்த்தும்.

பீட்டர் வான் டி காம்ப் ஹாலந்தில் பிறந்து அமெரிக்கா சென்றவர். 1937-இல் பென்சில்வேனியாவிலுள்ள ஸ்வார்த்மோர் கல்லூரியின் ஸ்ப்ரோல் வானாய்வகத்துக்குத் தலைவரானார். அடுத்த ஆண்டு முதல் பர்னார்டு விண்மீனைப் படமெடுக்கலானார். ஆறு ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அது நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன்களுள் ஒன்று. ஆண்டுகள் கடந்தன, கண்ணாடித் தட்டுகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. 1963-இல் அவர் தம் முடிவை வெளியிட்டார்: அவ்விண்மீனை வியாழனைவிட ஒன்றரை மடங்கு கனத்த கோளொன்று 24 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றுகிறது என்று. தட்டில் அவர் அளந்த அசைவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு! உலகம் நம்பிற்று. பாடநூல்களில் ஏற்றிற்று. பத்தாண்டுகள் அக்கோள் புகழோடு வாழ்ந்தது.

1973-இல் ஜார்ஜ் கேட்வுட் என்னும் இளைஞர், ஐக்ஹார்னுடன் சேர்ந்து, வேறு ஆய்வகங்களின் தட்டுகளைக்கொண்டு அதே விண்மீனை அளந்தார். அசைவே இல்லை. அதே ஆண்டில் ஸ்ப்ரோல் ஆய்வகத்திலேயே பணியாற்றிய ஜான் ஹெர்ஷி, அங்கு எடுக்கப்பட்ட மற்றொரு விண்மீனின் படங்களைச் சோதித்தார். அதுவும் பர்னார்டு விண்மீனைப் போலவே, அதே ஆண்டுகளில் துள்ளியிருந்தது. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரு விண்மீன்கள் ஒரே வேளையில் துள்ளுமா? துள்ளியது விண்மீன் அன்று, தொலைநோக்கியே. 1949-இல் அதன் ஆடியைத் தாங்கிய வளையத்தை மாற்றியிருந்தார்கள். பின்னர் ஆடியைச் சரிசெய்த காலத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. கருவியின் குறை வானத்துக் கோளாகக் காட்சி தந்தது.

வான் டி காம்ப் இதனை ஏற்கவில்லை. 1980-களிலும் தம் கோளுக்காக வாதாடினார். 1995 மே மாதம் இறக்கும்வரை மனம் மாறியவராகத் தெரியவில்லை. அவரை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை. நாற்பதாண்டு இரவுகளைக் கொடுத்துப் பெற்றதை எளிதில் விட்டுவிட யாரால் இயலும்? பர்னார்டு விண்மீனுக்குக் கோள்கள் உண்டு என்பது 2024, 2025-ஆம் ஆண்டுகளில் உறுதியாயிற்று. ஆனால் அவை நான்கும் பூமியினும் சிறியவை. சில நாட்களில் சுற்றி முடிப்பவை. அவர் சொன்ன பெருங்கோள் அங்கு இல்லை.

இதற்கு நேர்மாறான கதை பூரட்டாதிக் கோட்டை வடக்கே நீட்டினால் கிடைக்கும். துருவமீனுக்கு அருகே ‘எர்ராய்’ என்றொரு விண்மீன் உண்டு; அரபியில் அர்ராஈ, அதாவது இடையன். கனடா நாட்டு புரூஸ் கேம்பல், கோர்டன் வாக்கர் முதலியோர் ஹவாய்த் தீவின் மௌனாக்கியா மலையிலுள்ள தொலைநோக்கியால் 1981 முதல் இருபதுக்கு மேற்பட்ட விண்மீன்களை அளந்துவந்தனர். விண்மீனின் ஒளியை ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்னும் கொடிய நச்சுவாயு நிரம்பிய குழாய் வழியே செலுத்தி, அவ்வாயு நிறமாலையில் இடும் கோடுகளை அளவுகோலாகக் கொண்டு அசைவைக் கணித்தனர். 1988-இல் அர்ராஈயின் அசைவில் கோளொன்றின் குறி தென்படுவதாக எழுதினர். பிறகு ஐயம் எழுந்தது. அது விண்மீன் தன்னைத்தானே சுழல்வதால் வந்த மயக்கமாக இருக்கலாம் என்று 1992-இல் தாமே எழுதிப் பின்வாங்கினர். கேம்பல் நிலையான பணி கிடைக்காமல் வானநூல் துறையையே விட்டு விலகிப் போனார். பதினோராண்டு கழித்து, 2003-இல், டெக்சாஸ் மாநிலத்து ஆய்வகத்தின் அளவுகளையும் கனடாக்காரர்களின் பழைய அளவுகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது அக்கோள் உண்மையிலேயே அங்கு இருந்தது! இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும் பெருங்கோள். 2015-இல் அதற்குத் ‘தத்முர்’ என்று பெயரிட்டனர். சிரியா நாட்டுப் பல்மைரா நகரின் அரபுப் பெயர் அது. இடையனுக்குப் பாலைவனத்துப் பழம்பதியைத் துணையாக்கியது பொருத்தமாகவே அமைந்தது.

இவற்றினிடையே 1995 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும், நாம் சொன்ன பூரட்டாதிக் கோட்டின் அருகேயுள்ள 51 பெகாசி என்னும் விண்மீனுக்குக் கோள் உண்டென அறிவித்து, 2019-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அக்கோள் நான்கே நாட்களில் சுற்றி முடிப்பது. விண்மீனை ஒட்டி எரிந்துகொண்டிருப்பது. வியாழனைப்போல் எட்ட நின்று நெடுங்காலம் சுற்றும் கோளுக்கு மேலும் ஏழாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. கடக ராசியிலுள்ள 55 கான்க்ரி என்னும் விண்மீனைச் சுமார் 14 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றும் பெருங்கோளை 2002-இல் அமெரிக்க அறிஞர்கள் அறிவித்தனர். இவையாவும் அசைவைக்கொண்டு அறிந்தவை. கோளைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை.

இப்போது மீனின் வாய்க்குத் திரும்புவோம். ஃபமுல் ஹூத் நம்மிடமிருந்து 25 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. சூரியனைப்போல் பதினாறு மடங்கு ஒளி உடையது. அகவையில் மிக இளையது. 1983-இல் விண்ணில் ஏவிய ஒரு செயற்கைக்கோள், இவ்விண்மீனிலிருந்து கணக்குக்கு மிஞ்சிய வெப்பக்கதிர் வருவதைக் கண்டது. அதனைத் தூசு சூழ்ந்திருக்க வேண்டும் என்று அறிந்தனர். 2005-இல் பால் கலாஸ் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர் துணைவர்களும், ஹப்பிள் தொலைநோக்கியில் விண்மீனின் ஒளியை ஒரு சிறு தட்டால் மறைத்துவிட்டுப் படமெடுத்தனர். விண்மீனைச் சுற்றி ஓர் அழகிய வளையம்! பூமிக்கும் சூரியனுக்கும் இடையேயுள்ள தூரத்தைப்போல் 130 மடங்குக்கு அப்பால் அது நின்றது. அதன் மையம் விண்மீனில் இல்லை, ஒருபுறமாக விலகியிருந்தது. உள்விளிம்பு சீவியதுபோல் கூர்மையாக இருந்தது. மந்தையை ஓட்டுபவன்போல் ஏதோவொரு பெருங்கோள் அவ்வளையத்தை ஒழுங்குபடுத்துகிறது என்று எண்ண அது இடந்தந்தது.

அவர்கள் 2004-இல் எடுத்த படத்தில் வளையத்தின் உட்புறமாக ஒரு சிறு புள்ளி இருந்தது. 2006-இல் எடுத்ததில் அப்புள்ளி சற்று நகர்ந்திருந்தது. விண்மீனைச் சுற்றுவது எப்படி நகருமோ அப்படியே நகர்ந்திருந்தது. 2008 நவம்பர் 13 அன்று, பிற விண்மீனின் பெருங்கோளைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் படம்பிடித்துவிட்டோம் என்ற செய்தி வெளியாயிற்று. பள்ளிப் பிள்ளைகளின் நூல்களிலும் அப்படம் இடம்பெற்றது. அச்செய்தியைப் படித்த நாளில் நானும் மாடிக்கு ஏறித் தென்திசையை நெடுநேரம் நோக்கினேன். அஸ்ஸூஃபி பெயர் குறித்த விண்மீனின் அருகே ஒரு கோள்! எட்டாம் வானத்தில் ஒரு ‘ஸய்யாரா’! என் உஸ்தாத் உயிரோடிருந்தால் ஓடிச் சென்று சொல்லியிருப்பேன்.

ஆனால் ஓர் உறுத்தல் தொடக்கத்திலேயே இருந்தது. கலாஸ் குழுவினர் அதை மறைக்கவுமில்லை. இளம் பெருங்கோள் தன் பிறப்பின் வெப்பத்தால் அகச்சிவப்புக் கதிரில் நன்கு ஒளிர வேண்டும். இப்புள்ளியோ சாதாரண ஒளியில் தெரிந்தது, அகச்சிவப்பில் தெரியவில்லை. சனிக்கு இருப்பதுபோல் பரந்த வளையம் ஒன்று கோளைச் சூழ்ந்து ஒளியைத் திருப்பி அனுப்புகிறது போலும் என்று விளக்கங் கூறினர். 2012-இல் ஸ்பிட்சர் என்னும் விண்நோக்கி கொண்டு தேடியபோதும் வெப்பம் தென்படவில்லை. 2013-இல் அதன் பாதையைக் கணித்தபோது, வளையத்தை ஒழுங்குபடுத்தும் கோளின் பாதையாக அது அமையவில்லை. நீண்டு, வளையத்தின் குறுக்கே பாய்வதாக இருந்தது. ஒவ்வொரு சோதனையிலும் கோளின் தகுதி ஒரு படி இறங்கிற்று. எனினும் 2015-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் அதற்குப் பழஞ் செமித்திய மக்களின் தெய்வமொன்றின் பெயரைச் சூட்டித் ‘தாகோன்’ என்று அறிவித்தது.

2020-இல் அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் அந்திராஷ் காஷ்பாரும் ஜார்ஜ் ரீக்கியும் ஹப்பிளின் பழைய படங்கள் அனைத்தையும் வரிசைப்படுத்தி ஆராய்ந்தனர். புள்ளி ஆண்டுக்கு ஆண்டு மங்கியிருந்தது. மங்கிய அளவுக்குப் பரந்தும் இருந்தது. 2014-ஆம் ஆண்டுப் படத்தில் அது அறவே இல்லை. கோள் அப்படிக் கரைவதுண்டோ? இருநூறு கிலோமீட்டர் அளவுள்ள இரு பாறைப் பிண்டங்கள் ஒன்றோடொன்று மோதிப் பொடியாகி, அப்பொடி மேகம் விரிந்துகொண்டே சென்றதைத்தான் இதுவரை கோள் என்று கண்டார்கள் என்பது அவர்கள் முடிவு.

அரபு இலக்கணம் ஓதியவர்கள் ‘இஸ்மு’, ‘முஸம்மா’ என்னும் வேறுபாட்டை அறிவர். முன்னது பெயர், பின்னது பெயருக்குரிய பொருள். தாகோன் என்பது இன்று முஸம்மா இல்லாத இஸ்மு. பெயரிடுவதற்கு முந்திய ஆண்டே பொருள் மறைந்துவிட்டது என்பதுதான் இதில் வேடிக்கை!

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 2008 நவம்பர் 13, அதே நாளில், கனடாவின் கிறிஸ்டியன் மாருவா என்பவரும் ஓர் அறிவிப்பை வெளியிட்டிருந்தார். பூரட்டாதி மீன்கள் இரண்டுக்கும் நடுவே, கூர்ந்து நோக்கினாலன்றிக் கண்ணுக்குப் புலப்படாத மங்கலான விண்மீன் ஒன்று உண்டு. அரபியிலோ தமிழிலோ அதற்குப் பெயர் வழங்கியதாக நான் அறியேன், எச்.ஆர். 8799 என்னும் பட்டியல் எண்தான் அதன் அடையாளம். அதனருகே மூன்று கோள்களை ஹவாய்த் தீவின் பெருந்தொலைநோக்கிகளால் அகச்சிவப்பில் படம்பிடித்திருந்தார்கள். 2010-இல் நான்காவதும் கிடைத்தது. யாவும் வியாழனைவிடப் பலமடங்கு கனத்தவை. மிக உள்ளே இருப்பதே சனியின் தொலைவுக்கு அப்பால் உள்ளது; மிகப் புறத்தே உள்ளதற்கு ஒரு சுற்று முடிய நானூறு ஆண்டுகளுக்கு மேலாகும். ஆண்டுக்கு ஆண்டு எடுத்த படங்களைச் சேர்த்துப் பார்த்தால் நான்கும் ஒரே திசையில் மெல்ல நகர்வது தெரிகிறது. 2025-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் அவற்றின் காற்றில் கரியமில வாயு இருப்பதையும் கண்டனர். சோதிக்கச் சோதிக்க மீனின் வாயிலிருந்த கோள் தேய்ந்தது. இவை நான்கும் தெளிவுபெற்றன. ஒரே நாளில் வந்த இரு செய்திகளுள், பெயர்பெற்ற விண்மீனின் கோள் மறைந்து பெயரில்லாததன் கோள்கள் நிலைத்தன.

இவை அனைத்தும் இளமைச் சூடு தணியாத கோள்கள். நம் வியாழனைப்போல் ஆறிக் குளிர்ந்த கோளைப் படம்பிடிப்பது இன்னும் கடினம். 2024-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வானியல் நிலையத்து எலிசபெத் மாத்யூஸ் குழுவினர், 12 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எப்சிலான் இண்டி என்னும் விண்மீனின் அருகே அதனைச் செய்தனர். அதன் வெப்பம் நீர் உறையும் நிலைக்குச் சற்றே மேல். அங்கே ஒரு பெருங்கோள் உண்டென்று விண்மீனின் அசைவைக்கொண்டு முன்பே கணித்திருந்தனர். ஆனால் கணித்த இடத்தில் அது இல்லை. வேறிடத்தில், எண்ணியதைவிடக் கனத்ததாக இருந்தது. அதன் ஒரு சுற்றுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சில பத்தாண்டு அசைவைக்கொண்டு முழுப் பாதையையும் சொல்லப் புகுந்ததால் வந்த பிழை அது. பிற விண்மீன்களின் கோள்கள் என்று 2025-இல் எண்ணப்பட்டவை ஆறாயிரத்தைத் தாண்டின. அவற்றுள் பெரும்பான்மை விண்மீனை நெருங்கிச் சுற்றுபவையே. தொலைவிலுள்ள பெருங்கோள்கள் குறைவு என்பதனாலா, காத்திருந்து பார்த்த ஆண்டுகள் குறைவு என்பதனாலா என்று பிரித்தறிவது எளிதன்று.

ஃபமுல் ஹூத்தின் கதையும் முடிந்துவிடவில்லை. 2023-இல் ஹப்பிள் எடுத்த படத்தில் வளையத்தின் அருகே ஒரு புள்ளி தென்பட்டது. பழைய புள்ளிதான் திரும்பி வந்ததென்று முதலில் எண்ணினர், இடம் பொருந்தவில்லை. முன்பு எந்தப் படத்திலும் இல்லாத புதுப்புள்ளி அது. இருபதாண்டுக்குள் அதே விண்மீனில் இரண்டாவது மோதல் நிகழ்ந்திருக்கிறது என்று 2025 டிசம்பரில் ஆய்வுரை வெளியாயிற்று. அதனை எழுதிய குழுவின் தலைவர் வேறு யாருமல்லர். 2008-இல் கோள் கண்டோம் என்று அறிவித்த அதே பால் கலாஸ். பழையதும் புதியதும் ஆகிய இரண்டையும் தூசு மேகங்கள் என்றே அதில் குறிப்பிட்டு, முன்னதற்கு ஒன்று, பின்னதற்கு இரண்டு என எண்ணிட்டிருக்கின்றார். தூசு மேகம் கோள்போல் தோன்றி ஏமாற்றவல்லது என்பதை, வருங்காலத்தில் கோள் தேடுவோர்க்கு எச்சரிக்கையாகவும் சொல்லியிருக்கின்றார்.

வளையத்தின் விளிம்பைச் சீவி வைத்திருப்பது எது என்ற கேள்வி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. புதுப்புள்ளி எத்திசையில் நகர்கிறது, எப்போது மங்கும் என்பதை அவர்கள் தொடர்ந்து நோக்கி வருகின்றனர்.